திறந்த மூல நிரல்கள் எல்லாம் ஏன் ஒன்றோடொன்று சேர்வதில்லை?

கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் கணினி படிக்கும் பிள்ளைகள் இப்போது வகுப்பறைப் பயிற்சியோடு நின்றுவிடுவதில்லை. கூட்டுறவுச் சங்கத்துக்குக் கணக்கு மென்பொருள், பாடசாலைக்கு வரவுப் பதிவு, கமக்கார அமைப்புக்கு ஒரு செயலி என்று ஊருக்கு உதவும் வேலைகளைச் செய்து கொடுக்கிறார்கள். அந்த நிரலில் பெரும்பகுதி அவர்கள் கையால் எழுதியதாக இருக்காது. இணையத்தில் திறந்த மூலமாக, அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்திப் பயன்படுத்தும்படி, கிடைப்பதை எடுத்துச் சேர்த்திருப்பார்கள். அதில் தவறேதும் இல்லை, உலகம் முழுக்க மென்பொருள் அப்படித்தான் உருவாகிறது. ஆனால் ஒரு கட்டத்தில் யாராவது சொல்வார்: "இதையும் அதையும் ஒன்றாகப் போடக்கூடாது, உரிமம் பொருந்தாது." கேட்பவருக்குத் தலை சுற்றும். இரண்டும் இலவசம், இரண்டும் திறந்த மூலம், கணினியில் இரண்டும் சேர்ந்து நன்றாகவே ஓடுகின்றன. பிறகென்ன பொருந்தாமை?

திறந்த மூல நிரல் உரிமையாளர் இல்லாத பொருள் என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அந்த நிரலுக்கு உரிமையாளர் இருக்கிறார். சில நிபந்தனைகளோடு அதைப் பயன்படுத்த அவர் அனுமதி தந்திருக்கிறார். அந்த அனுமதிதான் உரிமம். இருவருடைய நிரலை ஒன்றாக்கி வெளியே கொடுத்தால் இருவருடைய நிபந்தனைகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வேண்டும். ஒருவருடைய நிபந்தனையை நிறைவேற்றினால் மற்றவருடையது மீறப்படும் என்றால் அந்தக் கலவையை விநியோகிக்க அனுமதியே கிடையாது.

## சட்டம் என்ன சொல்கிறது

1. இலங்கையில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 6ஆம் பிரிவு கணினி நிரலை நூல், கட்டுரை போன்ற எழுத்துகளோடு ஒரே வரிசையில் வைக்கிறது. கதை எழுதியவருக்கு உள்ள உரிமை நிரல் எழுதியவருக்கும் உண்டு.

2. எழுதிய அந்த நேரமே உரிமை பிறந்துவிடும். எங்கும் பதிய வேண்டியதில்லை, பதிப்புரிமைக் குறி போட வேண்டியதும் இல்லை.

3. நகலெடுப்பது, மாற்றியமைப்பது, மற்றவர்களுக்கு விநியோகிப்பது ஆகியவற்றைச் செய்யவோ செய்ய விடவோ உரிமையாளருக்கு மட்டுமே அதிகாரம். இவை 9ஆம் பிரிவில் வருகின்றன. பொதுவாக இந்த உரிமை எழுதியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும்.

4. எண்ணம், செயல்முறை, இயங்கும் முறை, வெறும் தரவு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. எழுதிய வடிவத்துக்குத்தான் பாதுகாப்பு. இந்த நாலாவது விடயம் பின்னால் மிகவும் கைகொடுக்கும்.

இலங்கை 1959 முதல் பதிப்புரிமைக்கான பன்னாட்டு பேர்ண் உடன்படிக்கையில் இருக்கிறது. ஆகவே ஜேர்மனியிலோ பிரேசிலிலோ ஒருவர் எழுதிய நிரலுக்கு முல்லைத்தீவிலும் பாதுகாப்பு உண்டு. இங்கே எழுதியதற்கு அங்கேயும் உண்டு.

நிரல்களைப் பகிரும் இணையத்தளமான கிட்ஹப்பில் ஒரு நிரல் எல்லாரும் பார்க்கும்படி கிடக்கிறது, ஆனால் உரிமக் கோப்பு எதுவும் இல்லை. அதை எடுக்கலாமா? எடுக்கக்கூடாது. உரிமம் எழுதப்படாவிட்டால் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது. அந்தத் தளத்துக்குள் பார்ப்பதற்கும் தளத்துக்குள்ளேயே பிரதி எடுப்பதற்கும் தளத்தின் விதிகள் இடம் தருகின்றன. உங்கள் செயலியில் சேர்த்து ஊருக்குக் கொடுக்க அது போதாது. வழிகாட்டிக் காணொளிகளைப் பார்த்துப் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். எழுதியவருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்பிக் கேட்டால், பலர் மறுநாளே உரிமக் கோப்பைச் சேர்த்துவிடுவார்கள்.

## நிபந்தனையை மீறினால் அனுமதி இல்லை

"இலவசமாகத் தந்துவிட்டார், நிபந்தனையை மீறினால் என்ன செய்துவிடப் போகிறார்?" என்ற கேள்விக்கு 2008 ஓகஸ்ட்டில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று விடை சொன்னது. வழக்கு ஜேக்கப்சன் எதிர் காட்சர். மாதிரி ரயில்களைக் கணினியால் ஓட்டும் திறந்த மூலத் திட்டம் ஒன்றிலிருந்து சில கோப்புகளை ஒரு நிறுவனம் எடுத்தது. எழுதியவர்களின் பெயரையும் பதிப்புரிமைக் குறிப்பையும் நீக்கிவிட்டுத் தன் மென்பொருளில் போட்டது. பணம் வாங்காமல் கொடுத்தாலும் உரிமத்தில் உள்ளவை சட்டப்படி நிபந்தனைகளே, அவற்றை மீறியவர் பதிப்புரிமையை மீறியவர் ஆகலாம் என்று நீதிமன்றம் தீர்த்தது. ரயில் விளையாட்டு மென்பொருளில் தொடங்கிய வழக்குத்தான், ஆனால் திறந்த மூலத்தில் எழுதும் ஒவ்வொருவருக்கும் அது பலம் கொடுத்தது.

## மூன்று குடும்பங்கள்

உரிமங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் நாளாந்த வேலையில் சந்திப்பவை மூன்று குடும்பங்களில் அடங்கும்.

முதலாவது தாராளக் குடும்பம்: எம்ஐடி, பிஎஸ்டி, 2004இல் வந்த அப்பாச்சி 2.0. எழுதியவரின் பெயரையும் உரிமக் குறிப்பையும் அழிக்காமல் வைத்திருந்தால் போதும், மூடிய மென்பொருளிலும் சேர்க்கலாம். அப்பாச்சியில் காப்புரிமம் (கண்டுபிடிப்புக்குத் தரப்படும் தனியுரிமை, பேட்டன்ட்) பற்றிய ஒரு விதி கூடுதலாக உண்டு: அந்த மென்பொருள் தன் காப்புரிமத்தை மீறுகிறது என்று வழக்குப் போடுபவர், அதன் வழியே தனக்குக் கிடைத்த காப்புரிம அனுமதியை இழப்பார்.

இரண்டாவது காப்பிலெஃப்ட் குடும்பம்: 1991இன் ஜிபிஎல் 2, 2007இன் ஜிபிஎல் 3, அதே ஆண்டின் ஏஜிபிஎல். இந்த நிரலைச் சேர்த்து உருவாக்கியதை மற்றவருக்குக் கொடுத்தால் முழுவதையும் அதே உரிமத்தில், மூலநிரலோடு கொடுக்க வேண்டும். விற்கத் தடையில்லை. மூடி வைக்கத்தான் தடை.

மூன்றாவது, இவற்றுக்கு நடுவே நிற்கும் மென்மையான காப்பிலெஃப்ட்: எல்ஜிபிஎல், 2012இன் எம்பிஎல் 2.0, சிடிடிஎல் போன்றவை. இவற்றின் கடப்பாடு அந்த நூலகத்தோடு (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்போடு) அல்லது அந்தக் கோப்புகளோடு நின்றுவிடும். சேர்ந்து ஓடும் மற்ற நிரலுக்குப் பரவாது.

## ஒரு செயலியைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு குளத்தின் கீழ் சிறுபோகம் செய்பவர்களுக்காக ஒரு அண்ட்ரொய்ட் செயலி தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் திறக்கப்படும் என்று அது காட்ட வேண்டும். உறுப்பினர் பட்டியலும் உள்ளே வர வேண்டும். அந்தப் பட்டியல் பல ஆண்டுகளுக்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. வன்னியில் எந்த அலுவலகத்தின் பழைய கோப்பைத் திறந்தாலும் பாமினி இருக்கும். அதில் ஆங்கில எம் விசையில் 'அ' உட்கார்ந்திருக்கும், கே விசையில் 'ம', அரைப்புள்ளி விசையில் மெய்ப்புள்ளி. எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஆகவே பாமினியை யூனிகோட்டுக்கு மாற்றும் நிரல் ஒன்றும் தேவை.

செயலிக்குள் வருபவை:

1. திரை, பொத்தான், பட்டியல் ஆகியவற்றுக்கு அண்ட்ரொய்ட்எக்ஸ் நூலகங்கள். உரிமம் அப்பாச்சி 2.0.
2. பாமினி மாற்றி. அதன் உரிமம் ஜிபிஎல் பதிப்பு 2 என்று கொள்வோம்.
3. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு. உரிமம் ஓஎஃப்எல்.
4. குளமும் வாய்க்காலும் காட்ட, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மெப்பின் தரவு. உரிமம் ஓடிபிஎல்.

முதலாவதும் இரண்டாவதும் முட்டிக்கொள்கின்றன. எப்படி என்று ஒவ்வொரு அடியாகப் பார்க்கலாம்.

ஜிபிஎல் 2இன் 2ஆம் பிரிவு, கலந்து உருவானதை விநியோகித்தால் முழுவதையும் இதே உரிமத்தில் கொடு என்கிறது. 6ஆம் பிரிவு, பெறுபவர் மேல் இதில் இல்லாத மேலதிகக் கட்டுப்பாடு எதையும் சுமத்தாதே என்கிறது. இப்போது அப்பாச்சி 2.0இல் காப்புரிம விதி இருக்கிறது. ஜிபிஎல் 2இல் அப்படி ஒன்று இல்லை. ஆகவே அது 'மேலதிகக் கட்டுப்பாடு' ஆகிவிடுகிறது. அப்பாச்சி நிரலின் உரிமையாளர் நாங்கள் இல்லை என்பதால் அந்த விதியை நீக்கவும் முடியாது. ஒரே பொதியில் இரண்டையும் போட்டுக் கொடுத்தால் ஜிபிஎல்லின் 6ஆம் பிரிவு மீறப்படுகிறது.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழும்: இயங்குதளத்தோடு வரும் நூலகங்களுக்கு ஜிபிஎல் விலக்குத் தருகிறதே? தருகிறது, 3ஆம் பிரிவில். ஆனால் அந்த நூலகம் நிரலோடு சேர்ந்தே வரும்போது அந்த விலக்கு செல்லாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அண்ட்ரொய்ட்எக்ஸ் நூலகங்கள் கைபேசியில் ஏற்கெனவே இருப்பவையல்ல. செயலியின் ஏபிகே பொதிக்குள்ளேயே அடைக்கப்பட்டு வருபவை. அதனால் விலக்கு கைகொடுக்காது.

சரி, தப்ப வழியே இல்லையா? மாற்றியின் மூலநிரல் கோப்பைத் திறந்து மேலே உள்ள குறிப்பைப் படிக்க வேண்டும். "பதிப்பு 2, அல்லது விரும்பினால் அதற்குப் பின்வந்த எந்தப் பதிப்பும்" என்று எழுதியிருந்தால் சிக்கல் தீர்ந்தது. பதிப்பு 3ஐத் தெரிவு செய்யலாம். பதிப்பு 3 எழுதப்பட்டபோதே அப்பாச்சி 2.0இன் விதிகளுக்கு இடம் விட்டு எழுதினார்கள். செயலி முழுவதும் ஜிபிஎல் 3இல் வெளிவர வேண்டும், அவ்வளவுதான். "பதிப்பு 2 மட்டும்" என்று இருந்தால் வழி அடைபட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் கரு அப்படித்தான் இருக்கிறது. அந்த ஒரு வரியில் உள்ள சில சொற்கள் ஒரு திட்டத்தின் எதிர்காலத்தையே தீர்மானிக்கின்றன. உங்கள் நிரலுக்கு ஜிபிஎல் போடுவதாக இருந்தால் "பின்வந்த பதிப்பும்" என்பதைச் சேர்த்துவிடுங்கள் என்பேன்.

## மேலிருந்து கீழ்தான்

உரிமப் பொருத்தம் இரு திசையிலும் ஓடுவதில்லை. குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே வயலுக்கு வரும், வயல் தண்ணீர் குளத்துக்கு ஏறாது. எம்ஐடி நிரல் ஜிபிஎல் திட்டத்துக்குள் போகலாம். ஜிபிஎல் நிரல் எம்ஐடி திட்டத்துக்குள் வந்து எம்ஐடியாக வெளியே போக முடியாது. கட்டுப்பாடு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குத்தான் ஓட்டம்.

இதன் விளைவைத் தமிழில் எழுதும் பலர் தங்கள் கணினியிலேயே பார்த்திருப்பார்கள். ஓப்பன் ஒஃபிஸ் மென்பொருளிலிருந்து 2010இல் லிப்ரே ஒஃபிஸ் பிரிந்தது. மறு ஆண்டு ஓப்பன் ஒஃபிஸ், அப்பாச்சி அறக்கட்டளையிடம் போய் அப்பாச்சி உரிமத்துக்கு மாறியது. லிப்ரே ஒஃபிஸ் எம்பிஎல் பக்கம் நின்றது. ஓப்பன் ஒஃபிஸில் செய்த நல்ல திருத்தம் எதையும் லிப்ரே ஒஃபிஸ் எடுத்துக்கொள்ளலாம். லிப்ரே ஒஃபிஸில் செய்ததை ஓப்பன் ஒஃபிஸால் அப்படியே எடுக்க முடியாது. ஒரே தாய் நிரலிலிருந்து வந்த இரண்டு திட்டங்களில் ஒன்று வளர்ந்துகொண்டே போனது, மற்றது பின்தங்கியது. அதற்கு ஆட்பலம் உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்த ஒருவழி ஓட்டமும் முக்கியமான ஒன்று.

## இரண்டும் காப்பிலெஃப்ட், ஆனாலும் சேராது

தாராள உரிமத்துக்கும் காப்பிலெஃப்ட்டுக்கும் இடையில்தான் சண்டை என்று நினைக்க வேண்டாம். கடுமையான முட்டல் இரண்டு காப்பிலெஃப்ட் உரிமங்களுக்கு இடையில் வருகிறது.

இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை (வட்டில் கோப்புகளை ஒழுங்காகச் சேமிக்கும் மென்பொருளை) சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005இல் சிடிடிஎல் உரிமத்தில் திறந்தது. தரவு கெடாமல் காப்பதில் பேர்பெற்ற மென்பொருள் அது. சிடிடிஎல் சொல்வது: இந்தக் கோப்புகள் சிடிடிஎல்லிலேயே இருக்க வேண்டும். லினக்ஸ் கருவின் ஜிபிஎல் 2 சொல்வது: சேர்ந்தது முழுவதும் ஜிபிஎல்லில் இருக்க வேண்டும். இரண்டும் மூலநிரலைத் திறந்து வை என்றுதான் கேட்கின்றன, நோக்கத்தில் பகையில்லை. ஆனால் ஒரே கோப்பு ஒரே நேரத்தில் இரண்டு கட்டளைக்கும் கீழ்ப்படிய முடியாது. 2016இல் லினக்ஸ் இயங்குதள வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 16.04 பதிப்பில் இசட்எஃப்எஸ் சேர்த்து வழங்கப்பட்டபோது மென்பொருள் சுதந்திரத்துக்கான ஓர் அமெரிக்க அமைப்பு அதை ஜிபிஎல் மீறல் என்றது. உபுண்டுவை வெளியிடும் நிறுவனம் தன் வழக்கறிஞர்கள் அப்படிப் பார்க்கவில்லை என்றது. இன்றைக்கும் இசட்எஃப்எஸ் லினக்ஸ் கருவின் மூலநிரலுக்கு வெளியேதான் தனியாக வளர்கிறது.

## கடப்பாடு எப்போது பிறக்கிறது

வீட்டுக் கணினியில் எதை எதோடு சேர்த்து ஓட்டினாலும் ஜிபிஎல் கேள்வி கேட்காது. மற்றவர் கைக்கு நகல் போகும்போதுதான் கடப்பாடு தொடங்குகிறது. ஆனால் எது நகல் போவது என்பதில் இங்கே தெளிவு குறைவு.

ஏபிகே கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுவது விநியோகம். கமநல சேவை நிலையத்தின் கணினியில் பென் ட்ரைவால் நிறுவிக் கொடுப்பதும் விநியோகம். கடையில் விற்காவிட்டாலும், பத்துப் பேருக்கு மட்டும் கொடுத்தாலும் அப்படித்தான். ஜிபிஎல் நிரல் உள்ளே இருந்தால் பெறுபவருக்கு மூலநிரலும் கிடைக்க வேண்டும். இணைய வசதி சீராக இல்லாத இடங்களில் மிகச் சுலபமான வழி, மூலநிரலையும் அதே பென் ட்ரைவில் ஒரு கோப்புறையாகப் போட்டுக் கொடுத்துவிடுவது. மூலநிரல் உலகம் முழுவதற்கும் வெளியிடப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செயலியைப் பெற்றவருக்குக் கிடைத்தால் போதும்.

செயலியாகக் கொடுக்காமல் வழங்கியில் வைத்து உலாவி வழியே பயன்படுத்த விட்டால்? நகல் யார் கைக்கும் போகவில்லை, ஆகவே ஜிபிஎல் கடப்பாடு பிறக்காது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஏஜிபிஎல் வந்தது. ஏஜிபிஎல் நிரலை மாற்றியமைத்து வலையமைப்பில் சேவையாக ஓட்டினால், பயன்படுத்துபவர்களுக்கு அந்த மாற்றியமைத்த மூலநிரலைக் கொடுக்க வேண்டும்.

## நிரலை எடுக்காமலே பொருந்த வைக்கலாம்

இப்போது 8ஆம் பிரிவுக்கு வருவோம். ஒரு மென்பொருளோடு பொருந்தி வேலை செய்வதற்கு அதன் நிரலை நகலெடுக்க வேண்டும் என்பதில்லை. அது என்ன செய்கிறது என்று அறிந்து, அதே வேலையைச் செய்யும் நிரலை நாமே எழுதலாம். பாமினியில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது ஒரு பொருத்தப்பட்டியல், தகவல். அதைப் பார்த்து மாணவர் ஒருவர் தன் சொற்களில், தன் அமைப்பில் மாற்றி எழுதினால் அது அவருடைய நிரல். ஜிபிஎல் மாற்றியின் வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு மாறிகளின் பெயரை மட்டும் மாற்றுவது வேறு. அது நகல்தான், சட்டம் அதைத் தழுவலாகவே பார்க்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 மே மாதம் எஸ்ஏஎஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில், நிரலின் செயற்பாடு, நிரலாக்க மொழி, தரவுக் கோப்பின் வடிவமைப்பு ஆகியவை நிரலுக்கான பதிப்புரிமையில் அடங்கா என்றது. அமெரிக்காவில் கூகுள் எதிர் ஒராக்கிள் வழக்கு பத்து ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டது. ஜாவா நிரலாக்க மொழியின் இடைமுக அறிவிப்பு வரிகள் ஏறத்தாழ 11,500ஐ அண்ட்ரொய்ட்டுக்காக கூகுள் அப்படியே எடுத்திருந்தது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 6க்கு 2 என்ற பெரும்பான்மையில் அது நியாயமான பயன்பாடு என்று தீர்த்தது. அந்த வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா இல்லையா என்ற அடிப்படைக் கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. உண்டு என்று வைத்துக்கொண்டாலும் இந்தப் பயன்பாடு நியாயமானது என்றே சொன்னது. நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தை மேல் விளைவு ஆகிய நாலு அளவுகோல்களை அது பார்த்தது. எமது சட்டத்தின் 11ஆம் பிரிவிலும் ஏறக்குறைய இதே நாலும் உள்ளன. அமெரிக்கத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அதன் தர்க்கம் இங்கே எடுத்து வைக்கத்தக்கது.

## எழுத்துருவும் வரைபடமும்

எழுத்துருவில் பெரிய தலையிடி இல்லை. ஓஎஃப்எல் உரிமத்தில் உள்ள எழுத்துருவை எந்தச் செயலியோடும் சேர்த்துக் கொடுக்கலாம். எழுத்துருவைத் தனியாக விற்கக்கூடாது. திருத்தினால் திருத்தியதும் ஓஎஃப்எல்லில் இருக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட பெயர் என்று குறித்திருந்தால் அந்தப் பெயரைத் திருத்திய எழுத்துருவுக்கு வைக்கக்கூடாது. அந்த எழுத்துருவால் அச்சடித்த கல்யாண அட்டைக்கோ துண்டுப்பிரசுரத்துக்கோ எந்த நிபந்தனையும் ஒட்டாது.

வரைபடத் தரவில் கவனம் தேவை. ஓடிபிஎல் தரவைக் கொண்டு வரைந்த படத்தைக் காட்டினால், தரவு ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் பங்களிப்பாளர்களுடையது என்று குறிப்பிட்டால் போதும். ஆனால் அந்தத் தரவோடு எங்கள் துருசுகளின் (மதகுகளின்) இடங்களையும் கிளை வாய்க்கால்களையும் சேர்த்து விரிவாக்கிச் செயலியோடு வெளியிட்டால், விரிவாக்கிய தரவுத்தளத்தையும் ஓடிபிஎல்லில் கொடுக்க வேண்டும்.

துருசும் வாய்க்காலும் ஊருக்குப் பொது, திறந்து கொடுப்பது நல்லதுதான். எந்த வயல் யாருடையது, அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன என்பவை அப்படியல்ல. காணி உறுதியும் எல்லையும் இன்னும் பிணக்கில் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த விவரத்தை வரைபடத் தரவுக்குள் கலந்துவிட்டால் ஓடிபிஎல்லின் பகிர்வுக் கடப்பாடு அதையும் இழுத்துக்கொள்ளக்கூடும். தனி அட்டவணையாக, வரைபடத் தரவிலிருந்து எதையும் பெறாத தொகுப்பாக வைத்திருந்தால் அது எட்டாது. என் பார்வையில் இந்தச் செயலியில் எடுக்க வேண்டிய முடிவுகளில் மிகவும் பாரதூரமானது இதுதான். நிரல் உரிமத்தில் பிழை வந்தால் திருத்தி மறுபடி வெளியிடலாம். ஒருவருடைய காணி விவரம் வெளியே போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது.

சொற்பட்டியல் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: விக்கித் திட்டங்களில் உள்ளதுபோன்ற சிசி பிஒய் எஸ்ஏ 4.0 (எழுத்து, படம் போன்றவற்றுக்கான கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம்) உள்ளடக்கத்தை ஜிபிஎல் 3 திட்டத்துக்குள் கொண்டுபோகலாம் என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. அதுவும் ஒரு வழிதான். திரும்பி வராது.

## யாரிடம் அனுமதி கேட்பது

உரிமம் முட்டினால் மாற்றித் தரும்படி உரிமையாளரைக் கேட்கலாம். உரிமையாளர் யார்? வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பொருளாதார உரிமை தொழில்தருநருக்கு என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. மாணவர் ஊழியர் இல்லை. ஆகவே பல்கலைக்கழக விதியோ ஒப்பந்தமோ வேறு விதமாகச் சொல்லாதவரை மாணவர்தான் உரிமையாளர். நாலு பேர் சேர்ந்து செய்தால் நாலு பேருக்கும் உரிமை. நாலு பேரில் ஒருவர் வெளிநாடு போய்த் தொடர்பு விட்டுப்போனால் பிறகு உரிமத்தை மாற்ற வழியில்லாமல் நிற்க வேண்டி வரும்.

விஎல்சி காணொளி இயக்கிக்கு நடந்ததைப் பாருங்கள். ஜிபிஎல்லில் இருந்த அது 2011 ஜனவரியில் அப்பிள் செயலிக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. கடையின் விதிகளும் ஜிபிஎல்லும் முட்டின என்று அதன் நிரலாளர் ஒருவரே முறைப்பாடு செய்திருந்தார். பிறகு பங்களித்த ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்கி, மையப்பகுதியை எல்ஜிபிஎல்லுக்கு மாற்றினார்கள். 2013இல்தான் அந்தக் கடைக்குத் திரும்ப முடிந்தது.

நல்ல உதாரணம் எமது நாட்டிலேயே உண்டு. 2004 டிசம்பர் சுனாமி முல்லைத்தீவுக் கரையையும் அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிய இலங்கை நிரலாளர்கள் சகானா என்ற மென்பொருளைத் திறந்த மூலமாக எழுதினார்கள். பிறகு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. பின்னாளில் புதிதாக எழுதப்பட்ட அதன் ஈடன் பதிப்பு எம்ஐடி உரிமத்தில் வந்தது. அனர்த்த நேரத்தில் எந்த நாட்டு அமைப்பும் சட்டத்தரணியைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் தன் முறைமையோடு சேர்க்க முடிவது இப்படியான தெரிவால்தான்.

## முட்டினால் என்ன செய்வது

எமது செயலிக்குத் திரும்புவோம். பாமினி மாற்றி "பதிப்பு 2 மட்டும்" என்றே இருக்கிறது. செய்யக்கூடியவை, சுலபமானதிலிருந்து:

1. மாற்றியைச் செயலிக்குள் வைக்கவே வேண்டாம். ஒரு கணினியில் தனியாக ஓட்டி, உறுப்பினர் பட்டியலை ஒரு தடவை யூனிகோட்டுக்கு மாற்றி, அந்த விளைவை மட்டும் செயலியில் போடலாம். மாற்றிய பெயர்ப்பட்டியல் ஜிபிஎல் நிரலின் பகுதியாகாது. பெரும்பாலான முட்டல்கள் இப்படி வேலையைப் பிரித்தாலே தீர்ந்துவிடும்.

2. பொருத்தப்பட்டியலைப் பார்த்து மாற்றியைப் புதிதாக எழுதலாம். பாமினிக்கு இது ஓரிரு நாள் வேலை. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு போன்றவை எழுத்துக்கு முன்னால் தட்டச்சாகியிருக்கும், யூனிகோட்டில் பின்னால் வர வேண்டும் என்பதைக் கவனித்தால் சரி.

3. எழுதியவரிடம் "பின்வந்த பதிப்பும்" என்று சேர்க்கவோ எழுத்தில் விதிவிலக்குத் தரவோ கேட்கலாம். தகவலை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் பழைய உரிமம் ஜிபிஎல்லோடு பொருந்தாதிருந்த காலத்தில் பல திட்டங்கள் இப்படி விதிவிலக்கு எழுதித்தான் சமாளித்தன. 2021இல் அதன் பதிப்பு 3.0 அப்பாச்சி 2.0க்கு மாறிய பிறகும், ஜிபிஎல் 2 மட்டும் உள்ள திட்டங்களுக்கு அந்த விதிவிலக்கு தேவைப்படுகிறது.

4. தாராள உரிமத்தில் வேறு மாற்றி தேடலாம்.

ஏற்கெனவே தெரியாமல் கலந்து வெளியிட்டுவிட்டால் உடனே விநியோகத்தை நிறுத்தித் திருத்த வேண்டும். ஜிபிஎல் 2இன்படி மீறியவரின் உரிமை தானாகவே முடிந்துவிடும். ஜிபிஎல் 3 கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: முதல் தடவை அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் திருத்தினால் உரிமை மீண்டுவிடும்.

செயலியை அமைப்பிடம் கையளிக்கும்போது எழுத்தில் இருக்க வேண்டியவை மூன்று: மாணவர்கள் எழுதிய பகுதியின் உரிமம் எது, வெளியிலிருந்து எடுத்த ஒவ்வொரு பகுதியின் பெயரும் உரிமமும், மூலநிரல் எங்கே இருக்கிறது. அப்பாச்சி நிரலோடு வரும் நோட்டிஸ் கோப்பையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். செயலிக்குள் 'உரிமங்கள்' என்று ஒரு திரை வைத்து இவற்றை அங்கே காட்டினால், அடுத்த வருடம் இன்னொரு குழு அதைப் பொறுப்பெடுக்கும்போது எதை எதோடு சேர்க்கலாம் என்று முதலிலிருந்து தேட வேண்டி வராது.